மொட்டைப்பாறையின் சிவப்புத் துணி

எங்கள் ஊர்ப் படகு கவிழ்ந்ததற்குப் பலகைக்காரர்கள்தான் காரணம் என்று இன்றைக்கும் பாதி ஊர் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். அவர்களை எனக்குப் பிடிக்காது. அது வேறு விஷயம்.

ஆணும் பெண்ணுமாக ஏழு வெள்ளைக்காரர்கள். கூட்டி வந்தவன் செலோர்ம் என்கிற அக்ராக்காரன். எங்கள் ஃபான்டி பேச்சைக் கல்லைக் கடிப்பதுபோல் பேசுவான். வேன் கூரையில் நீள நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு, அக்ராவிலிருந்து மேற்கே கரையோரமாக ஊர் ஊராக வந்தார்கள். அலை அடிக்கிற இடத்தில் இறங்குவார்கள். பலகை மேல் நின்று சறுக்குவார்கள். பிறகு அடுத்த ஊர். அதுதான் பயணமாம். கடலுக்குள் போய் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு திரும்புகிறவனை நான் நம்புவதில்லை.

வந்த முதல் நாளே சிவப்புத் தாடி வைத்த ஒருவன், யோனாஸ் என்று பெயர், மணலில் விரித்திருந்த என் வலையை மிதித்துக்கொண்டு போனான். சுற்றிப் போக இடம் இருந்தது. செலோர்ம் ஓடி வந்தான். வயசானவர்களை எங்கள் பக்கம் எக்யா, அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவோம்.

"அவரு பாக்கல எக்யா. மன்னிச்சிருங்க."

"இவ்வளவு பெரிய வலை கண்ணுக்குத் தெரியல. அலை மட்டும் தெரியுமா?"

"ஊருக்குப் புதுசு எக்யா, பழக்கம் இல்லாதவங்க."

"என் கண்ணுக்கும் அவங்க புதுசுதான். நான் மிதிச்சேனா?"

அவன் சிரித்து மழுப்பினான். நான் சிரிக்கவில்லை. முன்பு ஒருத்தன் இப்படித்தான் சிரித்துக்கொண்டே கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று வந்து குழி மட்டும் தோண்டிவிட்டுப் போனான். அந்தக் குழியில் என் ஆடு விழுந்து செத்தது. சிரித்துப் பேசுகிறவர்களை அதிலிருந்து நான் கிட்டச் சேர்ப்பதில்லை.

என் குடிசை இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே கொபினாவின் வீடு. கிழக்கே அவன் பெண்டாட்டி மன்சாவின் குடும்ப வீடு. எங்களில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் ஆட்களோடுதான் இருப்பாள், ஆண் தன் வீட்டில் இருப்பான். பொழுது சாய்ந்ததும் அவள் சமைத்து, கிண்ணத்தில் மூடி, தலையில் வைத்துப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். மன்சாவின் கிண்ணம் என் வாசலைத் தாண்டித்தான் போகும். பதினாறு வருஷமாகப் போகிறது. அவள் சாளை மீனைப் புகைபோட்டு விற்கிறவள். மனசு நன்றாக இருந்தால் சூப்பில் மீன் தலை கிடக்கும். கோபமாக இருந்தால் வால். மறுநாள் காலையில் கொபினாவே சொல்லிவிடுவான்.

"எக்யா, நேத்து வாலு."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"அது தெரிஞ்சா தலை வாங்கியிருக்க மாட்டேனா?"

தலையோ வாலோ, கிண்ணம் வந்துகொண்டிருந்தால் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. கிண்ணம் நின்றுவிட்டால் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து அறுத்துவிட வேண்டியதுதான்.

கொபினாவின் வேலை மொட்டைப்பாறை மேல் நிற்பது. எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்குள் ஒரு மணல்திட்டு. கடல் அதன் மேல் மூன்று நாலு பெரிய அலையை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். அந்த மூச்சுக்குள் படகு உள்ளே வந்துவிட வேண்டும். படகில் இருக்கிறவனுக்கு முன்னால் போகிற அலையின் முதுகுதான் தெரியும். பாறை மேல் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அவன் சிவப்புத் துணியைத் தூக்கினால் வா. தூக்காவிட்டால் பசித்தாலும் வெளியே நில். எங்கள் கரையில் அவ்வளவுதான் சட்டம்.

கொபினா பதினாலு வருஷம் அங்கே நின்றான். ஒரு படகைக்கூடத் தப்பாகக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு படகும் அவனுக்குக் கொஞ்சம் மீன் தரும். ஒருத்தனும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் செலோர்ம் அவனிடம் போனான். தண்ணீரில் பலகை மேல் படுத்திருக்கிறவர்களுக்குத் தூரத்து அலை தெரியாது. பாறை மேலிருந்து பார்த்து, நல்ல பெரிய அலை வரும்போது துணியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். படகுகள் விடியுமுன் போனால் மதியம் தாண்டித்தான் திரும்பும். காலையில் கொபினாவுக்கு வேலை இல்லை. சரி என்றுவிட்டான்.

மன்சா புகையடுப்பிலிருந்து மீன் தட்டோடு வந்தவள் நின்றாள்.

"அது படகுத் துணி."

"படகு மதியம்தான வரும்."

"வேற துணி எடுத்துக்க."

"இதுதான் தூரத்துல தெரியும். நீ மீனப் பாரு, கருகுது."

"என் மீன் கருகுனா எனக்குத் தெரியும்" என்றாள். போய்விட்டாள். அன்றைக்குக் கிண்ணத்தில் வால்.

அந்த வெள்ளைக்காரர்கள் ஒன்று செய்தார்கள். கொபினா துணியைத் தூக்க, அவன் சொன்ன அலை சொன்னபடி வந்து, அவர்கள் அதன் மேல் சறுக்கி முடித்ததும், ஏழு பேரும் தண்ணீரில் இருந்தபடியே அவனைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒவ்வொரு தடவையும். கொபினா சிரித்தான். அவன் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை. ஆகஸ்ட் மாத மேகம் மூடிக் கிடந்தது. காற்று இல்லை. அலை மட்டும் தெற்கிலிருந்து மலை மலையாக வந்தது. பலகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கொபினா பாறை மேல். யோனாஸ் கேமராவோடு அவன் பக்கத்தில். நான் தென்னை மரத்தடியில் ஊர்க்காரர்களின் கிழிந்த வலைகளுக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும், திட்டுக்கு வெளியே ஒரு படகு தெரிந்தது. பக்கவாட்டில் மஞ்சள் எழுத்து. 'பேசுறவங்க பேசட்டும்' என்று எழுதிய படகு. மன்சாவின் தம்பி ஃபீஃபி ஓட்டுவது, ஆறு பேர் போவது. எஞ்சின் இருமுவது கரைக்கே கேட்டது. அதனால்தான் சீக்கிரம் திரும்பியிருக்கிறார்கள்.

கொபினா பார்த்திருப்பான் என்று நினைத்தேன். ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவன் வேலை, அவன் கண் என்று இருந்துவிட்டேன்.

கொபினாவின் கண் தண்ணீரில் இருந்த ஆறு தலைகள் மேல் இருந்தது. வருகிற அலைகளில் மூன்றாவது பெரியது. அதற்குத் துணியைத் தூக்கினான். வெளியே ஃபீஃபி துணியைப் பார்த்தான். பதினாலு வருஷம் தப்பாகத் தூக்காத துணி. எஞ்சினை முழுக்கத் திருகிவிட்டான்.

அலை படகைப் பின்பக்கம் தூக்கியது. மூக்கு கீழே குத்தியது. படகு குறுக்கே திரும்பி ஒரு தரம் புரண்டது, பிறகு இன்னொரு தரம். சாளை மீன் எல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரையில் சிதறியது. எஞ்சின் போனது போனதுதான். ஃபீஃபியின் கால் படகு விளிம்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டி முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்தது. நீந்தத் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் மண்டையில் அடிபட்ட ஒருத்தன் முங்கிப் போனான். அவனைக் கூட்டாளி ஒருவனின் பலகையில் இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தது யோனாஸ். பாறையிலிருந்து அப்படியே குதித்தான். அதையும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

கொபினா பாறையிலிருந்து இறங்கவில்லை. துணி கையில் இருந்தது.

எலும்பு கட்டுகிறவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். ஃபீஃபியின் காலை நேராக்கி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எப்போதும் செய்கிறபடி ஒரு பெட்டைக் கோழியின் காலையும் ஒடித்து, அதே மருந்தை வைத்துக் கட்டி, மன்சாவின் முற்றத்தில் விட்டார். கோழி காலூன்றி நடக்கிற அன்றைக்கு இவனும் நடப்பான். கோழி ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது.

அன்று சாயங்காலம் கிண்ணம் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை கொபினா சாலை முக்குக்குப் போய், இலையில் கட்டின கென்கே, புளித்த மக்காச்சோள மாவு உருண்டை, வாங்கிக்கொண்டு, ஊர் பார்க்க நடந்து வந்தான். கல்யாணம் ஆனவன் கடைக் கென்கே தின்றால் எங்கள் ஊரில் அம்மணமாக நடந்தது மாதிரி.

செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்றைக்கு விசாரணை. மீனவர் தலைவர் நானா அர்கூவின் முற்றத்தில் ஊர் கூடியது. பலகைகளை ஏற்கெனவே அவருடைய வலைக் கிடங்கில் பூட்டியாகிவிட்டது. ஏழு பேரும் ஒரு பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஃபீஃபியைப் பாயோடு தூக்கி வந்து கிடத்தினார்கள். நானா அர்கூ மண்ணில் சாராயம் ஊற்றிக் கடலின் பேரைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"துணியத் தூக்குனது யாரு?"

கொபினா எழுந்தான். "நான் தூக்கல நானா. அந்தச் சிவப்புத் தாடி எம் பக்கத்துல நின்னான். படம் எடுக்கறேன்னு துணிய வாங்குனான். வெளாட்டா தூக்கிட்டான்."

செலோர்ம் அதை அவர்கள் பாஷையில் சொன்னான். யோனாஸ் எழுந்து ஏதோ படபடவென்று பேசினான்.

"அவரு துணியத் தொடவே இல்லங்கறாரு" என்றான் செலோர்ம்.

"பின்ன தொட்டேன்னா சொல்லுவான்?" என்றது ஒரு குரல்.

"பலகையக் கொளுத்தி மீன் சுடுவோம்."

"அது பிளாஸ்டிக்குடா. மீன் நாறும்."

சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை. நானா அர்கூவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதுதான் வசதி. வெளியூர்க்காரன் தப்பு என்றால் எஞ்சின் வரும், கடலுக்கு ஆடு வரும், உள்ளூரில் யாரையும் பகைக்க வேண்டாம். எனக்கும் அதுதான் வசதி. அவர்கள் ஓடுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

"ஓட்டூ" என்றார் நானா என்னைப் பார்த்து. "நீ கரையிலதான இருந்த. நீ சொல்லு."

கொபினா என்னைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்குச் சாயங்காலமே கிண்ணம் என் வாசலைத் தாண்டிப் போகும். மன்சா பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். புகையில் சிவந்த கண். அவளும் புருஷனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எழுந்தேன். முட்டி வலித்தது.

"இந்தத் தாடிக்காரன் என் வலைய மிதிச்சான். இவங்க ஏழு பேரும் நாளைக்கே போயிடணும், திரும்ப இந்தப் பக்கம் வரக் கூடாது. அது என் ஆசை. ஆனா துணியத் தூக்குனது கொபினா. படகு வர்றத நானும் பாத்தேன், கத்தல. அதையும் சேத்துக்குங்க."

முற்றம் கொதித்தது.

"வெள்ளைக்காரன் உனக்கு என்னய்யா குடுத்தான்?"

"குதிகால் தடம் குடுத்தான். வலையில இருக்கு, வந்து பாரு."

"தூங்கிக்கிட்டு இருந்திருப்பாரு."

"தூங்குனா வலை தானா கட்டிக்குமா? உன் அப்பன் வலையும் அதுல கெடக்கு. அவிழ்த்து விடட்டுமா?"

மன்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்கள் அங்கே குறுக்கே பேசுவதில்லை. நானா கையைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றாள் கொபினாவிடம். "தூக்குனப்ப நீ எந்தப் பக்கம் பாத்த?"

அவன் கை இடுப்புக்குப் போனது.

"வெளியில பாத்தியா, உள்ள பாத்தியா?"

"உள்ள."

"ஏன்?"

கொபினா துணியை இடுப்பிலிருந்து எடுத்தான். மூன்று நாளாக அங்கேதான் செருகியிருந்திருக்கிறான். "அவங்க கை தட்டுவாங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"பதினாறு வருஷமா உனக்குச் சோறு போட்டேன்" என்றாள் மன்சா. "நானும் கை தட்டியிருக்கணும்போல." திரும்பிப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டாள்.

நானா அர்கூ தொண்டையைச் செருமினார். அபராதம் சொல்லப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாயில் கிடந்த ஃபீஃபி முந்திக்கொண்டான்.

"நானா, அவன்கிட்ட என்ன இருக்கு வாங்கறதுக்கு? துணிய எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. கால் கூடுற வரைக்கும் நான் பாறையில உக்காந்துக்கறேன். அவன் என் எடத்துல படகுல போகட்டும்."

"எஞ்சின் இல்லையே."

"துடுப்பு இருக்கு. கிட்டத்துல வலை போட்டுட்டு வரட்டும். வந்து வெளியில நிக்கட்டும். நான் எப்ப தூக்கறனோ அப்ப வரட்டும். வெளியில நின்னு அந்தத் துணியப் பாத்துக்கிட்டு இருக்கறது எப்படின்னு அவனுக்குத் தெரியணும்."

அப்படியே முடிவானது. பலகைக்காரர்கள் இரண்டு புட்டி சாராயமும் ஒரு ஆடும் கடலுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் துணி அந்த நேரத்தில் ஏறியிருக்காது என்றார் நானா. அது சரிதான். பலகைகளை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கிளம்புகிற நேரம் யோனாஸ் என்னிடம் வந்தான். இந்தத் தடவை வலையைச் சுற்றி வந்தான். கையை நீட்டினான். என் கையில் வலை ஊசி இருந்தது, அதைக் கீழே வைக்கவில்லை.

"நன்றி சொல்றாரு எக்யா" என்றான் செலோர்ம். "அவருக்காக நீங்க பேசுனீங்களாம்."

"அவனுக்காக நான் பேசல. அவன் நெழல் வலை மேல விழுது. காயணும். தள்ளி நிக்கச் சொல்லு."

வேன் மேற்கே போனது. அதன் பிறகு அவர்களைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஃபீஃபியை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மொட்டைப்பாறை மேல் வைத்தார்கள். கோழியை அவனே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கொபினா விடியுமுன் மற்ற ஐந்து பேரோடு படகில் போயிருந்தான். போகும்போது ஒருத்தரும் அவனோடு பேசவில்லை என்று கேள்வி. துடுப்பைக் கையில் கொடுக்காமல் படகுக்குள் தூக்கிப் போட்டார்களாம், அவனே குனிந்து பொறுக்கிக்கொண்டானாம்.

மதியத்துக்குப் பின் படகு திட்டுக்கு வெளியே வந்து நின்றது. அலை அன்றைக்கு அவ்வளவு பெரியதில்லை. மூன்று அடித்தது, கடல் மூச்சு வாங்கியது. குழந்தைகூடக் கூப்பிடலாம். ஃபீஃபி துணியை மடியிலேயே வைத்திருந்தான்.

மறுபடி மூன்று அடித்தது. மறுபடி மூச்சு. ஃபீஃபி கோழியின் கழுத்தைத் தடவினான்.

கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். மற்ற படகுகள் எல்லாம் வந்து, உருளைகள் மேல் ஏற்றி, மீன் கொடுத்து முடித்தாகிவிட்டது. வெளியே இது ஒன்றுதான் நின்றது. துடுப்பால் தள்ளித் தள்ளி, படகு அலைக்குள் போய்விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது கடலில் மீன் பிடிப்பதைவிடக் கை நோகிற வேலை. ஐந்து பேரும் கத்தவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும். கொபினா படகின் முன்முனையில் நின்றான். முகம் தெரியவில்லை, இந்தப் பக்கமே திரும்பியிருந்தது மட்டும் தெரிந்தது.

"இன்னும் எத்தனை தடவைடா?" என்று கேட்டேன் பாறைக்குக் கீழே நின்று.

"எனக்குக் கால் எத்தனை எடத்துல ஒடிஞ்சிருக்கு எக்யா?"

"ரெண்டு."

"அப்ப எதுக்கு அவசரம்?"

"மத்த அஞ்சு பேரு என்ன பண்ணுனாங்க?"

"அவங்க அன்னைக்கு என்கூடத்தான் கவுந்தாங்க. காத்திருக்கறாங்க பாருங்க, ஒருத்தன் வாயத் தொறக்கறானா?"

நாலாவது மூச்சும் போனது. வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை இறங்கினால் திட்டே தெரியாது. அப்போது ஃபீஃபி விரும்பினாலும் கூப்பிட முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

ஆட்கள் விலகினார்கள். மன்சா வந்தாள். தலையில் கிண்ணம், மேலே தட்டால் மூடியிருந்தது. பனங்கொட்டைச் சூப்பின் வாசனை எனக்கு வந்தது. பத்து நாளாக என் மூக்குக்கு வராத வாசனை. பாறைக்குக் கீழே வந்து நின்றாள். கடலைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"சோறு ஆறுது" என்றாள்.

"யாருக்குச் சோறு?"

"உனக்கு வேணும்னா நீ தின்னு."

"நான் தின்னாச்சு."

"அப்ப ஆறுது."

ஃபீஃபி அவளை முறைத்தான். கோழியும் முறைத்தது. மூன்று அலை அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கடல் மூச்சு வாங்கியது. அவன் துணியைத் தூக்கினான்.

ஆறு துடுப்பும் ஒரே நேரத்தில் விழுந்தன. படகு சிக்காமல், சாயாமல், வழுக்கிக்கொண்டு மணலில் வந்து நின்றது. யாரும் கை தட்டவில்லை. கொபினா இடுப்புத் தண்ணீரில் குதித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. படகை இழுக்க மற்றவர்களோடு தோள் கொடுத்தான். அவனைத் தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான்.

மன்சா கிண்ணத்தைப் படகு விளிம்பில் வைத்தாள். வந்த வழியே திரும்பி, என் வலையைச் சுற்றிக்கொண்டு, போய்விட்டாள்.

கொபினா கடலில் கையைக் கழுவினான். உப்பு எரிந்திருக்கும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தான்.

"என்ன?" என்று கேட்டேன்.

"வாலு" என்றான்.

முள்ளைக்கூடத் துப்பாமல் தின்றான்.